கோர்ன் ஃப்ளேக்ஸ் பெட்டிக்குள் வந்த நீர்மூழ்கி

மாதிரி நீர்மூழ்கி செய்வது காசுள்ள பெரியவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளைகளை அதற்குள் கொண்டுவந்ததோ மிக மலிவான ஒரு பொருள்.

1954 ஜனவரியில் அமெரிக்கா, உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நோட்டிலஸை நீரில் இறக்கியது. அதே 1950களில் கெலோக்ஸ் கோர்ன் ஃப்ளேக்ஸ் பெட்டிகளுக்குள் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் நீர்மூழ்கி வந்தது. அதிலுள்ள குழியில் பேக்கிங் பவுடரை அடைத்துத் தண்ணீரில் விட்டால் தாழும். வாயுக் குமிழி சேர்ந்ததும் மேலே வரும். குமிழி வெளியேறியதும் மறுபடி தாழும். நாம் கரும்பலகையில் எழுதும் மேலுதைப்பை அந்தப் பிள்ளைகள் வாளித் தண்ணீரிலேயே கண்டார்கள்.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 'ஸீபேர்ச்' திட்டத்தைத் தொடங்கியது. பீ.வீ.சீ. குழாய், சிறு மோட்டார்களைக் கொண்டு நீருக்கடியில் ஓடும் கருவியை மாணவர்களே செய்தார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று குறைப்படுகிறோம். விலை கூடிய பொருளை அலுமாரியில் வைத்து "தொடாதே" என்றால் ஆர்வம் எங்கிருந்து வரும்?

ஒரு தண்ணீர்ப் போத்தல், ஓட்டையில்லாத பேனை மூடி, நுனியில் ஒட்டக் கொஞ்சம் களிமண். போத்தலை நிரப்பி, மூடி, அழுத்தினால் பேனை மூடி தாழும், விட்டால் எழும். இந்த விடுமுறையில் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்ப்போமே!