அம்மைப்பாலும் மனச்சாட்சியும்

குடிமகனது இல்லத்து வாயிலோடு அரசு நின்றுவிடவேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தாராண்மைவாதிகளின் கொள்கை. ஆயினும் அவர்கள் காலத்துப் பாராளுமன்றமே அவ்வாயிலைக் கடந்து, தொட்டிலிற் கிடந்த குழவியின் புயத்தைப் பற்றியது.

1796இல் எட்வேட் ஜென்னர் பரிசோதித்துக் காட்டிய அம்மைப்பால் முறை, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைத்தது. 1853இல் அது கட்டாயமாயிற்று. பிறந்த மூன்று மாதத்துள் பிள்ளைக்கு அம்மைப்பால் குத்துவித்தல் பெற்றோர் கடன். 1837இல் தொடங்கிய பிறப்புப் பதிவு இல்லாதிருப்பின், எவர் வீட்டில் எப்போது பிள்ளை பிறந்தது என்பதை அரசு அறிந்திராது. பதிவேடு முந்தியது, ஊசி பிந்தியது.

1867ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. இருபது சிலிங் வரையான தண்டத்தைச் செலுத்தியவரும் விடுபட்டாரல்லர். பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்வரை மீண்டும் மீண்டும் தண்டம் விதிக்க அது இடந்தந்தது. செல்வன் தண்டத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புவான். தொழிலாளியின் வீட்டுத் தட்டுமுட்டுகளோ ஏலம் போயின. சிலர் சிறையும் புகுந்தனர். எதிர்ப்பு ஏழைகளிடையே மூண்டதில் வியப்பில்லை.

பிறர்க்குத் தீங்கு நேராது தடுப்பதற்கன்றி ஒருவனை வற்புறுத்தலாகாது என 1859இல் ஜோன் ஸ்டுவட் மில் எழுதியிருந்தார். தொற்றுநோயிலோ என் உடல் எங்கு முடிகிறது, அயலான் உடல் எங்கே தொடங்குகிறது? மில்லின் விதி இரு சாராருக்கும் படைக்கலமாகக் கூடியதே.

1885 மார்ச்சில் லெஸ்ரர் நகரத் தெருக்களிற் பெருந்திரளான மக்கள் ஊர்வலஞ் சென்றனர். அந்நகரம் ஊசியை மறுத்துக் கையாண்ட மாற்றுவழி கவனிக்கத்தக்கது: நோய் கண்டவுடன் அறிவித்தல், நோயாளியை மருத்துவமனைக்கு அகற்றல், உடனிருந்தோரை ஒதுக்கிவைத்தல். சுதந்திரங் கோரியவர்கள் ஒரு கண்காணிப்பை விலக்கி மற்றொன்றை ஏற்றனர்.

இத்தகைய முடிச்சையே பிரெஞ்சு அறிஞர் மிசேல் பூக்கோ ‘உயிரரசியல்’ என்னும் சொல்லால் ஆராய்ந்தார். 1978, 1979ஆம் ஆண்டுகளில் அவர் பாரிசில் ஆற்றிய விரிவுரைகள் தாராண்மைவாதத்தையே பெரிதும் பேசின. மக்கள் தொகையின் பிறப்பையும் நோயையும் ஆளும் அரசே, ‘மிகையாக ஆள்கின்றோமோ’ எனத் தன்னைத்தான் ஓயாது வினவிக்கொள்ளும் முறையே தாராண்மை என்பது அவர் கருத்து. இக்கருத்துக்கு ஆங்கிலச் சட்டத்தினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

1898இல் அச்சட்டம் தளர்ந்தது. மனச்சாட்சி இடந்தராத பெற்றோர் நீதவான்களைத் திருப்திப்படுத்தி விலக்குப் பெறலாம் என்றாயிற்று. நீதவான் பலர் இலேசில் திருப்தியடையவில்லை. 1907இலேயே பெற்றோரின் சத்தியக்கூற்று ஒன்றே போதுமானதாயிற்று. ‘மனச்சாட்சி மறுப்பாளர்’ என்ற அத்தொடர், 1916இல் கட்டாய இராணுவ சேவை வந்தபோது, துப்பாக்கி ஏந்த மறுத்த இளைஞரின் பெயராயிற்று.