எழுத்து மூலமான ஒப்புதல்: சாலைப் பந்தயமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவும்

2024 ஆகஸ்ட் 31. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நீளத்துக்குக் காங்கிரீட் தடுப்புகளும் அவற்றின்மேல் கம்பி வலைகளும் நின்றன. 19 வளைவுகள். நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, கொடிமரச் சாலை என்று நாள்தோறும் மாநகரப் பேருந்து ஓடும் தெருக்கள்தான் பந்தயப் பாதை. கார்களும் ஓட்டுநர்களும் வந்துவிட்டார்கள். பாதை பாதுகாப்பானது என்று பன்னாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தரவேண்டிய சான்றுதான் வரவில்லை. நண்பகலுக்குள் அதைப் பெற்றாக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கெடு விதித்திருந்தது. கெடு கடந்தது, அவகாசம் கேட்டார்கள், நீதிமன்றம் நீட்டித்தது. சான்று வந்த பிறகே அன்றிரவு கார்கள் ஓடின.

அதே நேப்பியர் பாலத்தை ஒட்டிய காமராசர் சாலையில், ஒவ்வொரு புத்தாண்டு முந்தைய இரவும் காவல்துறை இரும்புத் தடுப்புகளை இழுத்துப்போடுகிறது, மேம்பாலங்கள் மூடப்படுகின்றன. பையன்கள் 'ரேஸ்' விடக்கூடாது என்பதற்காக.

சாலைப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற விவாதம், அது முழுக்கத் தடைசெய்யப்பட்ட ஒன்று என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. அந்த எடுகோள் பிழை. இந்தியச் சட்டத்தில் சாலைப் பந்தயம் நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்ட செயல். நிபந்தனை ஒன்றே ஒன்று: மாநில அரசின் எழுத்து மூலமான ஒப்புதல். அப்படியானால் அந்த ஒப்புதல் எதற்காக, யாரைக் காக்க, யாருக்குத் தரப்படவேண்டும் என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

பிரிவு சொல்வதும் சொல்லாததும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு மிகச் சுருக்கமானது. மாநில அரசின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல், பொது இடத்தில் மோட்டார் வாகனங்களுக்கு இடையே பந்தயத்தையோ வேகச் சோதனையையோ அனுமதிப்பவரும் அதில் பங்கேற்பவரும் தண்டனைக்குரியவர். 2019 திருத்தத்துக்கு முன் தண்டனை ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் வரைதான். திருத்தம் அதை மூன்று மாதம், 5,000 ரூபாய் என உயர்த்தி, மறுபடி சிக்கினால் ஓராண்டு, 10,000 ரூபாய் என்றும் சேர்த்தது. இரண்டும் ஒருசேர விதிக்கப்படலாம்.

'பொது இடம்' என்பதற்குச் சட்டமே பொருள் சொல்கிறது: பொதுமக்களுக்கு நுழையும் உரிமை உள்ள சாலை, தெரு, வழி அல்லது வேறு இடம். இதிலிருந்து ஒன்று பெறப்படும். பொதுமக்களுக்கு நுழைவுரிமை இல்லாத இடத்தில் நடக்கும் பந்தயத்துக்கு 189ஆம் பிரிவு பொருந்தாது. அந்தப் பிரிவின்கீழ் ஒப்புதலும் வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தனிப் பந்தயப் பாதையில் பந்தயம் நடப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படவில்லை. இதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

விவாதங்களில் தலைகாட்டாத இன்னொரு பிரிவும் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலக முயலலாம் என்று 150ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. 'ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை' ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தியதும் அப்பட்டியலில் இருக்கிறது. நம் வீட்டு ஸ்கூட்டரின் காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டினாலும் இந்த விலக்கைப் பொடி எழுத்தில் காணலாம். விளைவு விநோதமானது. பந்தயத்தை வெறுமனே 'சட்டபூர்வம்' என்று அறிவித்தால், அதில் அடிபடும் வழிப்போக்கரின் நிலை இன்று இருப்பதைவிட மோசமாகக்கூடும். இது ஏற்பாடு செய்த பந்தயம் என்று காட்டுவதற்கான ஆவணத்தை அரசே காப்பீட்டு நிறுவனத்தின் கையில் கொடுத்ததாகிவிடும். சட்டபூர்வமாக்கச் சொல்கிறவர்கள் முதலில் விடை சொல்ல வேண்டிய இடம் இது.

ஒப்புதல் தராதவர்

பந்தயக்காரர் இருவரும் ஒருவருக்கொருவர் சம்மதித்துத்தானே ஓட்டுகிறார்கள், தங்கள் உயிரைத் தாங்களே பணயம் வைக்கிறார்கள், இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மலையேறுகிறவரைப் பற்றி இப்படிக் கேட்டால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாலையைப் பற்றிக் கேட்டால் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று தடங்கள் கொண்ட ஒருவழிப் பாதை, தடத்துக்கு 3.5 மீட்டர் என்றால் மொத்தம் 10.5 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் அதைக் கடக்க ஏறத்தாழ 9 நொடி ஆகும். மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் பைக் நொடிக்கு 33 மீட்டர் ஓடும். அவர் கடந்து முடிப்பதற்குள் 300 மீட்டர் வந்துவிடும். அதாவது, அவர் நடைமேடையிலிருந்து கால் எடுத்து வைக்கும்போது அந்த வண்டி 300 மீட்டருக்கு அப்பால் ஒரு விளக்குப் புள்ளி. 40 கிலோமீட்டரில் வரும் வண்டியின் விளக்கும் அந்தத் தொலைவில் அதே புள்ளியாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய அவருக்கு வழியில்லை. விடியற்காலை நான்கரை மணிக்குக் கோயம்பேட்டில் பூ வாங்கப் போகிறவரும், ஒளிரும் பச்சை அங்கி போட்டுச் சாலை நடுத்திட்டைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளரும் வாழ்நாள் அனுபவத்தால் ஒரு வேகத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள். 'முறுக்கிக்கொண்டு' வருகிறவன் அந்தக் கணக்கைத்தான் உடைக்கிறான்.

அரசின் எழுத்து மூலமான ஒப்புதலை இவர்களின் சார்பில் தரப்படும் ஒப்புதலாகப் படித்தால்தான் அதற்குப் பொருள் இருக்கிறது. இவர்களை அப்பாதையிலிருந்து முழுக்க விலக்காமல் அதைத் தரும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. தீவுத்திடலில் காங்கிரீட் தடுப்பு செய்த வேலை அதுவே. பணக்காரர் பந்தயத்துக்கு அனுமதி, ஏழைப் பையனுக்கு வழக்கா என்ற குமுறலில் உண்மை உண்டு என்றாலும், இரண்டு பந்தயங்களுக்கும் இடையே நின்ற வேறுபாடு பணம் மட்டுமல்ல, அந்தத் தடுப்பும்தான். தடுப்பு கட்டப் பணம் வேண்டும் என்பதும் உண்மைதான். அருகிலேயே அரசுப் பன்னோக்கு மருத்துவமனை இருக்க, நகர நடுவில் இதை நடத்தத்தான் வேண்டுமா என்று நீதிமன்றம் போனவர்களின் கேள்வியும் தள்ளத்தக்கதன்று.

மான் தீவு தரும் எச்சரிக்கை

ஒப்புதல் கொடுத்துவிட்டால் உயிர்கள் தப்பிவிடும் என்று நம்புகிறவர்கள் மான் தீவைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள அத்தீவுக்குத் தனி நாடாளுமன்றம் உண்டு. 1903ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் மோட்டார் வண்டியின் வேகத்தை மணிக்கு 20 மைலுக்குக் கட்டுப்படுத்தியிருந்தது. பந்தயத்துக்காகச் சாலையை மூடவும் அங்கே வழியில்லை. மான் தீவு 1904இல் சட்டம் இயற்றிச் சாலையை மூட வழிசெய்தது. 1907 முதல் அங்கே 'டி.டி.' எனப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்துவருகிறது. இன்றைய மலைப்பாதை ஒரு சுற்றுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். ஊர்களுக்குள்ளும் வீட்டுச் சுவர்களை உரசியும் போகிறது. ஓட்டுநர்களை 10 நொடி இடைவெளியில் ஒவ்வொருவராக விடுகிறார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. சட்டம், மருத்துவர், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் அப்பாதையில் இறந்த ஓட்டுநர்கள் 260க்கும் மேல். 2022 'டி.டி.' பந்தயத்தில் மட்டும் ஆறு பேர்.

மான் தீவின் சட்டம் வழிப்போக்கரைக் காத்தது, ஓட்டுகிறவரைக் காக்கவில்லை. இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்துப் பார்க்காத எந்த வாதமும் குழம்பித்தான் போகும்.

ஓடுபாதைகளின் கதை

இரண்டாம் உலகப் போர் பல நாடுகளில் வேலையில்லாத விமான ஓடுபாதைகளை விட்டுச் சென்றது. கலிபோர்னியாவின் சான்டா அனாவில் 1950இல் சி.ஜே. ஹார்ட் என்பவரும் கூட்டாளிகளும் அப்படியொரு விமானத்தளத்தின் பயன்படாத பாதையில் ஞாயிறுதோறும் நேர்ப்பாதைப் பந்தயம் நடத்தினார்கள். கட்டணம் 50 சென்ட். மறு ஆண்டு வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம், தெருவில் ஓட்டும் இளைஞர்களைத் தெருவிலிருந்து வெளியே கொண்டுவருவதையே தன் முதல் நோக்கமாகச் சொன்னது.

நமக்கும் ஒரு சான்டா அனா இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம். அங்கும் போர்க்கால ஓடுபாதைதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. அந்தக் காலத்துச் சென்னைவாசிகளுக்குச் சோழவரம் என்றால் ரேஸ்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தது. கோவை செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரைத் தாங்கிய பாதை 2003இல் வந்தது. பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர் என்பது தற்செயல் அன்று. ஆனால் பாதை தொழில்முறைக்கு உயர உயர, பந்தய உரிமம், பந்தய உடை, பயிற்சிக் கட்டணம் என்று வாசலும் உயர்ந்தது. சாதாரண 150 சிசி வண்டியோடு வரும் பையன் அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான்.

சான் டியேகோ நகரில் 1990களின் இறுதியில் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு விளையாட்டரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் 'ரேஸ்லீகல்' என்ற பெயரில் சான்டா அனாவில் நடந்ததையே மறுபடி செய்தார்கள். தெருவில் ஓட்டும் அதே கார், குறைந்த கட்டணம். தெருப் பந்தய விபத்துகள் குறைந்தன என்று அதைப் பாராட்டுகிறார்கள். அதே காலகட்டத்தில் தனிக் காவல் பிரிவும், வேடிக்கை பார்ப்பவரையும் தண்டிக்கும் நகர விதியும் வந்ததால், குறைவுக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இரண்டும் சேர்ந்தால் பலன் உண்டு என்ற அளவில் ஏற்கலாம்.

மாட்டு வண்டியும் மைல் கணக்கும்

பொதுச்சாலையில் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு, போக வர இத்தனை மைல். நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் மாட்டு வண்டி மைலில்தான் ஓடுகிறது. மோட்டார் வாகனம் இல்லை என்பதால் 189ஆம் பிரிவு அதைத் தொடாது. ஆனாலும் அது செய்கிற ஒன்று நம் ஆய்வுக்கு முக்கியம்: முன்கூட்டியே அறிவிக்கிறது. எந்த நாள், எந்தச் சாலை, எத்தனை மணி என்று ஊருக்கே தெரியும். ஆட்டுக்குட்டியைக்கூட அன்று கட்டிப்போட்டுவிடுவார்கள். அங்கு ஆபத்தைக் கூட்டுவது, காளைகளுக்குப் பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு விரையும் பைக் கூட்டம்.

யாரை உள்ளே இழுக்கலாம்?

சாலையில் ரேஸ் விடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். பணம் கட்டி ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. சென்னையின் ஆட்டோ ரேஸ்கள் இதில் சேரும். இவர்களுக்குப் பாதை கொடுத்தாலும் வரமாட்டார்கள். சூதாட்டத்துக்கு மறைவு வேண்டும். கைப்பேசிக் காணொளிக்காக 'வீலிங்' செய்கிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குப் பின்னணியில் நெரிசலும் பார்ப்பவர் முகத்தில் திகைப்பும் தேவை. காலியான ஓடுபாதை அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். உண்மையிலேயே வேகத்தின்மேல் ஆசை கொண்டவர்கள் மூன்றாம் வகை. தன் வண்டி 400 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கும் என்று அறியத் துடிப்பவர்கள். இவர்களை மட்டுமே உள்ளே இழுக்க முடியும். ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வராதவர்களுக்கு எந்த ஏற்பாட்டிலும் இடமில்லை. அவர்கள் கையில் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 199ஏ பிரிவு சொல்வது நடைமுறையில் ஒழுங்காக அமலானால் போதும்.

மூன்றாம் வகையினர் எத்தனை பேர் என்று அரசின் ஏட்டில் தேடினால் கிடைக்காது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுவதும் நேர்ந்த சாலை மரணங்களில் 71 விழுக்காடு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 'பந்தயம்' என்று தனிக் கட்டம் அந்த ஏட்டில் இல்லை. எண்ணாத ஒன்றைத் தண்டனையால் குறைத்துவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. 2022இல் பைக் ரேஸ் வழக்கு ஒன்றில் பிணை கேட்ட இளைஞரை, அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஒரு மாதம் வேலை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் பணித்தது. 5,000 ரூபாய் அபராதத்தைவிட அது புத்திசாலித்தனமான ஆணை. என்றாலும் அதுவும் அடிபட்ட பிறகு வருவதே.

என் முடிவு இது. திறந்த சாலையில் பந்தயம் எந்த வடிவத்திலும் சட்டபூர்வமாகக் கூடாது. 189ஆம் பிரிவை ஓர் எழுத்துகூடத் தளர்த்த வேண்டியதில்லை. மூன்றாம் வகை இளைஞருக்கு வேண்டியது பொதுமக்கள் நுழையாத, ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத நேர்ப்பாதை: ஓட 400 மீட்டர், நிற்க மிச்சம். ஒரு நேரத்தில் ஒரு வண்டி, கடிகாரத்தோடு போட்டி, தலைக்கவசம், தனிக் காப்பீடு, வாசலில் ஓர் ஆம்புலன்ஸ், ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேற்படாத கட்டணம். ஞாயிறு காலை நான்கு மணி நேரம் போதும். இதற்குச் சட்டமன்றத்தில் மசோதா எதுவும் வேண்டியதில்லை. தீவுத்திடல் பந்தயத்தை முன்நின்று நடத்திய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே இதையும் நடத்தலாம், நடத்த வேண்டும்.