முடியாத கோரிக்கையைத் தேடி: வலைச் செயலி சர்வர்களைக் கண்காணித்த முப்பது ஆண்டுகள்

இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புகார் வந்ததும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பெரும்பாலும் முதலில் திறப்பது சர்வரின் அக்சஸ் லாகைத்தான். பல நேரம் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. வரிக்கு வரி 200, அதாவது வெற்றி, என்று பதில் போயிருக்கும். ஆனால் அப்பாச்சி போன்ற சர்வர்கள், ஒரு கோரிக்கைக்குப் பதில் அனுப்பி முடித்த பிறகே அதை லாகில் எழுதுகின்றன. மாட்டிக்கொண்டு நிற்கும் கோரிக்கைக்கு அங்கே வரியே கிடையாது. குணமாகி வீடு திரும்பியவர்களின் பெயரை மட்டும் எழுதி வைக்கும் மருத்துவமனை ஏடு போன்றது அது. வார்டில் கிடப்பவர் யார் என்று அதைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது.

இத்துறையின் வரலாற்றைக் கருவிகளின் பட்டியலாகச் சொல்வதே வழக்கம். நாகியோஸ் வந்தது, கிராஃபைட் வந்தது, ப்ரொமிதியஸ் வந்தது என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது: இன்னும் முடியாத கோரிக்கையை ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் எந்த அளவுக்குக் காட்டியது? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வரலாறு ஒரே சீராக ஏறவில்லை. ஏறிய படியிலிருந்து இறங்கிய இடங்களும் உண்டு.

ஏழு புலங்கள்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் 1993இல் ராப் மெக்கூல் எழுதிய சர்வரும், ஜெனிவாவின் செர்ன் ஆய்வகச் சர்வரும் ஒரே லாக் வடிவத்தைப் பகிர்ந்துகொண்டன. பொது லாக் வடிவம் எனப்பட்ட அதில் ஏழு புலங்கள்: கேட்ட கணினி, அதன் அடையாளம், பயனர் பெயர், நேரம், கோரிக்கை வரி, நிலைக் குறியீடு, அனுப்பிய பைட்டுகள். எவ்வளவு நேரம் ஆனது என்பதற்குப் புலம் இல்லை. இதை மறதி என்று நான் கருதவில்லை. அன்றைய பக்கங்கள் பெரும்பாலும் வட்டில் கிடந்த கோப்புகள். எடுத்து அனுப்புவதில் காத்திருக்க என்ன இருக்கிறது? எத்தனை பேர் வந்தார்கள், இணைப்பில் எத்தனை பைட் போனது என்பதுதான் நிர்வாகிக்கு வேண்டியிருந்தது. 1995இல் வந்த அனலாக், 1997இல் வந்த வெபலைசர் ஆகிய லாக் பகுப்பு நிரல்களும் வருகையைத்தான் எண்ணின, தாமதத்தை அல்ல.

கோரிக்கை வரும்போது சர்வர் இயக்கும் சிஜிஐ நிரல்கள் பெருகி, தரவுத்தளத்தைக் கேட்டு அவ்வப்போது பக்கம் தயாரிக்கும் வழக்கம் வந்தபோது காத்திருத்தலும் கூடவே வந்தது. வலையின் எச்டிடிபி நெறிமுறையிலேயே அதன் தடம் இருக்கிறது. 1996 மே மாதம் வெளியான நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1945இல் 500, 502, 503 ஆகிய பிழைக் குறியீடுகள் இருந்தன. பின்னாலிருக்கும் சர்வர் உரிய நேரத்துக்குள் பதில் தரவில்லை என்று சொல்லும் 504, 1997 ஜனவரியின் ஆர்எஃப்சி 2068இல்தான் இடம்பெற்றது.

முடியாத கோரிக்கையை முதலில் நேராகக் காட்டியது அப்பாச்சியின் மாட்-ஸ்டேட்டஸ் என்ற துணைநிரல் என்பது என் துணிபு. மெக்கூல் என்சிஎஸ்ஏவை விட்டுப் போன பிறகு, அவருடைய சர்வருக்கு ஆளாளுக்கு எழுதிய திருத்தங்களைத் தொகுத்து 1995இல் உருவானது அப்பாச்சி. ஒரு தாய்ச் செயல்முறை, அதற்குப் பல சேய்ச் செயல்முறைகள். ஒவ்வொரு சேயும் ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும். சேய்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று தாய்க்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கென்று ஸ்கோர்போர்டு என்ற பொதுப்பலகை ஒன்று வைத்திருந்தார்கள். மாட்-ஸ்டேட்டஸ் அந்தப் பலகையை அப்படியே ஒரு வலைப்பக்கமாகக் காட்டியது. சேய்க்கு ஓர் எழுத்து: சும்மா இருந்தால் அடிக்கோடு, கோரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தால் ஆர், பதில் தந்துகொண்டிருந்தால் டபிள்யூ. பலகை முழுக்க டபிள்யூவாக நிறைந்துவிட்டால் அடுத்து வருபவர் வாசலில்தான் நிற்க வேண்டும். கண்காணிப்புக்கென்றே திட்டமிட்டுச் செய்த பல கருவிகளைவிட, உள்வேலைக்கு வைத்த இந்தப் பலகை நேர்மையாகப் பேசியது.

பின்னாளில் அப்பாச்சியிலேயே மாட்-லாக்-ஃபோரன்சிக் என்று இன்னொரு துணைநிரல் வந்தது. கோரிக்கை உள்ளே வரும்போது கூட்டல் குறியோடு ஒரு வரி, முடிந்ததும் கழித்தல் குறியோடு ஒரு வரி. கூட்டல் இருந்து கழித்தல் இல்லையென்றால், உள்ளே போனது வெளியே வரவில்லை என்று பொருள். முழுத் தீர்வு என்றே இதைச் சொல்லலாம். ஆனாலும் இது பரவலான வழக்கமாகவில்லை.

வாசலில் நின்று பார்த்தவர்கள்

இதே காலத்தில் வெளியிலிருந்து பார்க்கும் மரபு ஒன்று தனியே வளர்ந்தது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங், சர்வர் இருக்கும் இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. டோபியாஸ் ஓட்டிக்கரின் எம்ஆர்டிஜி 1995இல் வந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி என்ற வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வழியாக எண்களைக் கேட்டு வரைபடம் போட்டது. ஈதன் கால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நெட்செயின்ட், நாகியோஸ் என்று பெயர் மாறி உலகெங்கும் பரவியது. சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1996இல் தொடங்கி, எஸ்என்எம்பி சார்ந்த வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்களால் வளர்ந்த அட்வென்ட்நெட் நிறுவனம்தான் 2009இல் சோஹோ ஆனது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு இன்றும் இதே துறையில் இருக்கிறது.

நம் அளவுகோலில் இந்த மரபு பின்னடைவே. ஐந்து நிமிட இடைவெளியில் நாற்பது நொடி நெரிசல் கரைந்துபோகும். நாகியோஸ் தட்டிப் பார்க்கும் முகப்புப் பக்கம் உடனே திறக்கும். பணம் கட்டும் பக்கம் செத்துக் கிடக்கும். திரையில் பச்சை, தொலைபேசியில் வசவு. இதை அனுபவிக்காத சர்வர் நிர்வாகி அந்தத் தலைமுறையில் யாரும் இருந்திருக்க முடியாது.

இருநூறு இழைகள்

1999இல் சன் நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கிய டாம்கேட் என்ற ஜாவா சர்வரும், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் போன்ற வணிகச் சர்வர்களும் வந்தபோது சிக்கல் உள்ளே நகர்ந்தது. சேய்ச் செயல்முறைகளின் இடத்தில் ஒரே செயல்முறைக்குள் பல இழைகள், பொறியாளர் பேச்சில் த்ரெட்டுகள். இயங்குதளத்தின் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே ஜாவா செயல்முறை.

டாம்கேட்டில் இழைகளின் இயல்பு உச்சவரம்பு 200. நொடிக்கு 60 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 0.1 நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணத்திலும் சராசரியாக வேலையில் இருப்பவை 6 இழைகள்தான். தரவுத்தளம் திணறி ஒரு கோரிக்கைக்கு 4 நொடி ஆகிறது என்றால் 240 இழைகள் வேண்டும். இருப்பதோ 200. வருகை கூடவே இல்லை, சர்வர் நின்றுவிட்டது. வரிசைகள் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி சொல்லும் கணக்குத்தான் இது. இந்நிலையில் சிபியு வரைபடத்தைப் பார்த்தால் அது ஓய்வில் இருக்கும், ஏனெனில் இழைகள் கணக்குப் போடவில்லை, பதிலுக்குக் காத்திருக்கின்றன. வேகமான புது இயந்திரம் வாங்கிப் போட்டும் தளம் அசையாத கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

இங்கே கைகொடுத்தது த்ரெட் டம்ப். யூனிக்ஸில் கில் கட்டளையோடு 3 என்ற சமிக்ஞையை அனுப்பினால், ஜாவா தன் இழைகள் ஒவ்வொன்றும் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதித் தள்ளும்; டாம்கேட்டில் அது கேட்டலினா லாகில் போய் விழும். சில நொடி இடைவெளியில் மூன்று முறை எடுத்து ஒப்பிட வேண்டும். மூன்றிலும் நூற்றைம்பது இழைகள் தரவுத்தள இணைப்புக்காக ஒரே வரியில் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. ஸ்கோர்போர்டின் எழுத்துப் பலகைதான் இது. எழுத்துக்குப் பதில் முழு முகவரி கிடைக்கிறது.

இப்படிச் சர்வருக்குள் பார்ப்பதை வணிகமாக்கியவர் லூ சர்ன். 1998இல் அவர் தொடங்கிய வைலி டெக்னாலஜியின் இன்ட்ரோஸ்கோப், மூலநிரலைத் தொடாமல் ஜாவா பைட்கோடுக்குள் அளவீட்டைச் செருகியது. அது தந்த அடிப்படை அளவீடுகள் ஐந்தில் ஒன்று, குறித்த நேரத்துக்குள் முடியாமல் நிற்கும் அழைப்புகளின் எண்ணிக்கை. இயல்பு வரம்பு 30 நொடி. வைலி 2006இல் கைமாறியது. 2008இல் தம் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி நியூ ரெலிக் என்ற அடுத்த நிறுவனத்தை அவர் தொடங்கினார்.

சராசரியின் பொய்யும் தடத்தின் விலையும்

99 கோரிக்கைகள் 0.05 நொடியில் முடிகின்றன, ஒன்று 5 நொடி எடுக்கிறது. சராசரி ஏறத்தாழ 0.1 நொடி. அந்த எண்ணில் யாருடைய அனுபவமும் இல்லை. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையான கணக்கைத் தந்தது: ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறைதான் தாமதிக்கிறது என்றாலும், ஒரு கோரிக்கை அப்படிப்பட்ட 100 சர்வர்களையும் கேட்டாக வேண்டுமென்றால், 63 விழுக்காடு கோரிக்கைகள் தாமதமாகும். செயலி பல சிறு சேவைகளாக உடைந்த பிறகு ஓர் இயந்திரத்தின் த்ரெட் டம்ப் போதவில்லை. கூகுளின் டாப்பர் என்ற தடம் பதிக்கும் கருவி பற்றி 2010இல் வந்த ஆய்வறிக்கை, கோரிக்கைக்கு ஒரு தட எண் கொடுத்து, அது போகுமிடமெல்லாம் அதைக் கூடவே அனுப்பும் வழியைச் சொன்னது. எல்லாவற்றையும் பதிந்தால் செலவு தாங்காது என்பதால், தொடக்கத்தில் 1024இல் ஒன்றை மட்டுமே அது எடுத்துக்கொண்டது. ட்விட்டரின் ஜிப்கின் முதல் 2019இல் உருவான ஓப்பன்டெலிமெட்ரி வரை அந்த வழியில் வந்தவையே.

கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நூல், கவனிக்க வேண்டியவை நான்கு என்றது: தாமதம், போக்குவரத்து, பிழை, நிறைவு (சர்வரின் கொள்ளளவு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது). தாமதமும் பிழையும் முடிந்த கோரிக்கையிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. உள்ளே நிற்பதைச் சொல்வது நிறைவு ஒன்றுதான். ஆனால் நிறுவனங்களின் சுவர்த்திரைகளில் தாமத வரைபடமே நடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நம் அளவுகோலுக்கு வெளியே இன்னொரு பலவீனமும் உண்டு. கண்காணிப்பும் கண்காணிக்கப்படுவதும் ஒரே தூணில் நின்றால் நடப்பதை 2017 பிப்ரவரி 28 காட்டியது. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் முடங்கியபோது அதன் நிலைப்பலகையை மாற்ற முடியவில்லை. பலகையை நிர்வகிக்கும் கருவியும் எஸ்3ஐ நம்பித்தான் இருந்தது.

தடம் பதிக்கும் முறையிலும் பழைய குறை திரும்பியிருக்கிறது. ஓப்பன்டெலிமெட்ரியில் ஒரு தடத்துண்டு வழக்கமாக முடிந்த பிறகே சேகரிப்பானுக்கு அனுப்பப்படுகிறது. பாதியில் நின்ற வேலையும், செத்துப்போன செயல்முறை கையில் வைத்திருந்த வேலையும் அங்கே வந்து சேர்வதில்லை. 1993இன் லாக் செய்ததும் இதையேதான். எனவே தளம் நின்ற வேளையில் பொறியாளர் இன்றும் த்ரெட் டம்ப் எடுக்கிறார். 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இன் மெய்நிகர் இழைகளைப் பயன்படுத்துபவர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பழைய ஜேஸ்டாக் கட்டளை அவற்றைக் காட்டாது, ஜேசிஎம்டி கட்டளையால் தனிக் கோப்பில் எழுதச் சொல்லித்தான் பார்க்க முடியும்.