சேரமாதேவிக் குருகுலம்

தாமிரபரணி தீரத்துச் சேரமாதேவியில் தமிழ்க் குருகுலமொன்று விளங்கி மறைந்த வரலாறு நம் குலத்தார் யாவரும் அறியத்தக்கது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தேசபக்தர் வ. வே. சு. ஐயர் அதனை 1922-ஆம் வருஷம் ஸ்தாபித்தார். கல்வியோடு கைத்தொழிலும் தேசாபிமானமும் போதிப்பதே அதன் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் உதவிற்று. பல ஜாதியாரும் பொருளளித்தனர். அவர்தம் பிள்ளைகளும் அங்குப் பயின்றனர்.

ஆயினும் பிராமணச் சிறுவர் இருவருக்கு மாத்திரம் தனியே போஜனம் அளிக்கப்பட்டது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கே அதற்குக் கூறப்பட்ட சமாதானம். டாக்டர் வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி முதலியோர் இதனை வன்மையாகக் கண்டித்தனர். காந்தியடிகள் செய்த சமரச முயற்சியும் பூசலைத் தணிக்கவில்லை. 1925-ல் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதென்று காங்கிரஸ் கமிட்டி தீர்மானித்தது. ஐயரும் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் வீழ்ந்த தம் மகளைக் காக்கப் புகுந்து அவர் உயிர்நீத்தார். அதன்பின் குருகுலம் பழைய பொலிவை எய்தவில்லை.

ஐயரின் புலமையிலும் தியாகத்திலும் குறைவில்லை. ஊரார் பொருளுக்கும் குறைவில்லை. இரண்டு இலைகளைத் தனியே இட்டதே அக்கலாசாலையைக் குலைத்தது.

அன்பர்களே! அன்று புறம்பே வைக்கப்பட்டோர் நம்மனோர். அதனை நினைந்து வருந்தும் நாம், நம்மிற் தாழ்ந்தோரென்று எவரையேனும் நம் பந்திக்குப் புறம்பே நிறுத்துகின்றோமா? நம் பிள்ளைகளுக்குக் கல்வி நிலையமும் விடுதியும் அமைக்குமுன் இவ்வினாவுக்கு விடை காண்போமாக.