பிலிப்பைன்ஸில் ஆங்கிலம்: தாமசைட்டுகளின் காலம்

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் அடர்ந்த மழைக்காடுகளும் கொண்ட பிலிப்பைன்ஸில் ஆங்கிலக் கல்வியை, அமெரிக்காவுடனான போர் ஓயும் முன்பே அமெரிக்கப் படைவீரர்கள் தொடங்கிவைத்தனர். 1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் எண் சட்டம் அம்மொழியைப் பொதுக்கல்வியின் பயிற்றுமொழியாக்கி, அமெரிக்காவிலிருந்து ஆயிரம் ஆசிரியர்களை வரவழைக்கவும் வழிவகுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் 'தாமஸ்' என்னும் படைக்கப்பலில் மணிலா வந்திறங்கிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கப்பலின் பெயராலேயே 'தாமசைட்டுகள்' எனப்பட்டனர். பின்னர் வந்தோருக்கும் அப்பெயரே நிலைத்தது. மாணவர்களின் தாய்மொழி அறியாத இவர்கள், 1902இல் காலரா ஊர் ஊராகப் பரவிய நாள்களிலும் தொலைதூரச் சிற்றூர்களில் பணியாற்றியது மதிக்கத்தக்கது. ஆயினும், தென்னையும், கடற்கழிகளில் வளர்ந்து வீட்டுக்குக் கூரையாகும் நிப்பா என்னும் பனைவகையும் சூழ வாழ்ந்த பிள்ளைகள், அமெரிக்கப் பாடநூல்கள் காட்டிய ஆப்பிளையும் பனிப்பொழிவையும் கொண்டே முதற்சொற்களைப் பயில நேர்ந்தது பெருங்குறையே. வாசலில் நின்ற காடும் கடலும் வகுப்பறைக்குள் நுழைய நெடுங்காலமாயிற்று. 1901 செப்டம்பரில் மணிலாவில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி உள்நாட்டு ஆசிரியர்களை உருவாக்கிவந்த நிலையில், 1920களில் அந்நாட்டுக் கல்வியாளர் கமீலோ ஒசியாஸின் 'பிலிப்பைன் ரீடர்ஸ்' என்னும் பாடநூல் வரிசை, அந்நாட்டுக் கதைகளையும் வாழ்க்கையையும் ஆங்கிலப் பாடத்துக்குள் கொண்டுவந்தது.