வில்லைச் செய்த கைகள்

வில்லை வளைத்த வீரனையும் அதை ஒடித்த அரசகுமாரனையும் நம் மக்கள் நன்கறிவர். அவ்வில்லைச் செய்தவன் யாரென்று வினவினாலோ, தேவதச்சன் என்று ஒரே சொல்லிற் கூறிக் காலட்சேபக்காரர் அப்பாற் சென்றுவிடுவர். சரித்திரம் அங்ஙனம் கூறவில்லை. மரம் அறுத்தவனும், கொம்பு சீவியவனும், பசை காய்ச்சியவனுமே வில்லைச் செய்தனர். துருக்கியரின் வில் இதற்கு நல்ல சான்றாகும்.

சாதாரண வில் ஒரே கழியால் ஆனது. துருக்கி வில்லோ நான்கு பொருள்களின் கூட்டு. நடுவில் மேப்பிள் மரத்தாலான மெல்லிய சட்டம். எய்பவனை நோக்கிய உட்புறத்தில் எருமைக் கொம்பின் பட்டை. வெளிப்புறத்தில் மாட்டின் காலிலிருந்து எடுத்த தசைநார். இவற்றைப் பிணைப்பது, நம் தச்சர் வச்சிரம் என்பரே, அவ்வகைப் பசை. தசைநாரையும் மீனின் சவ்வையும் காய்ச்சி அதனை எடுத்தனர்.

இவ்வமைப்பின் காரணம் யாது? வில்லை வளைக்குங்கால் அதன் உட்புறம் நெருக்குண்கிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. கொம்பு நெருக்கத்தைத் தாங்கும். நார் இழுப்பைத் தாங்கும். ஆகவே, மரம் மட்டுமாயின் முறிந்துவிடக்கூடிய அளவுக்கு இவ்வில்லை வளைக்கலாம். இன்னதை இன்னவிடத்தில் வைக்கவேண்டும் என்று கண்டது மந்திரமன்று, அனுபவ அறிவேயாகும்.

வேலையோ மிக்க பொறுமையை வேண்டுவது. மரத்திலும் கொம்பிலும் ஒன்றோடொன்று பொருந்துமாறு நெடுக நுண்ணிய வரிப்பள்ளங்கள் கீறி, பசை தடவி, கயிற்றால் இறுகக் கட்டுவர். உலர்ந்த நாரைத் தட்டி இழையிழையாக்கிச் சீப்பால் வாரி, பசையில் தோய்த்து மேற்புறத்தில் படியவைப்பர். பின்னர் வில்லை எதிர்ப்புறமாக வளைத்துக் கட்டி, மாதக்கணக்கில் உலரவிடுவர். ஒரு வில் முற்றுப்பெற ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். ஈரம் இப்பசைக்குப் பகை. ஆதலின் முடிந்த வில்லையும் ஈரம் படாமல் காத்தல் வேண்டும்.

இவ்வுழைப்பின் பயனை ஆங்கிலேயர் நேரிற் கண்டனர். 1790-களில் இலண்டனிலிருந்த துருக்கித் தூதரகத்தின் செயலாளர் மஹ்மூது எபெண்டி, காற்றின் போக்கில் 482 கெஜ தூரம் அம்பெய்தார். இஸ்தான்புல் நகரின் அம்பெய் திடலில், நெடுந்தூரம் எய்தவர்களின் வெற்றியைக் குறிக்கும் கற்கள் நாட்டப்பட்டன. அக்கற்கள் எய்தவர் பெருமையைக் கூறுவன.

நிற்க. துப்பாக்கி வந்தபின் வில்லுக்குப் போர்க்களத்தில் இடமில்லாது போயிற்று. விளையாட்டாக எஞ்சிய வித்தையும், அதனைப் பெரிதும் ஆதரித்த சுல்தான் இரண்டாம் மஹ்மூது 1839-இல் இறந்தபின் தேய்ந்தது. எனினும், அவர் ஆணையின்படி முஸ்தபா கானி என்பார் வில்வித்தையையும் வில் செய்யும் முறையையும் ஒரு நூலாகத் தொகுத்திருந்தார். அது 1847-இல் அச்சேறியது. 1920-களில் அதன் பொருள் ஜெர்மன் மொழியிற் சென்றது. அதன் துணைகொண்டு, 1934-இல் கிளாப்ஸ்டெக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி துருக்கி வில்லைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். இன்று இக்கலை மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. 2019-இல் துருக்கியரின் மரபு வில்வித்தை யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டறை நின்றும் அறிவு முற்றும் அழியாமைக்கு எழுத்தும் ஒரு காரணமன்றோ?

தமிழ்த் தோழர்களே! தோலையும் நாரையும் கொம்பையும் தொட்டு வேலை செய்தவனைத் தீண்டாதவன் என்று ஊருக்குப் புறத்தே நிறுத்தியது நம் சமூகம். மரச்சட்டம் கடைந்து, மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிப் பறை செய்தவனும் கைத்திறனில் குறைந்தவனல்லன். அவன் பறையைச் சாவுக்கும் திருவிழாவுக்கும் அழைத்தோம். அவனறிவை ஏட்டில் ஏற்ற எண்ணினோமில்லை. தொழிலை இழிவென்றவன் அத்தொழிலின் நுட்பத்தை எழுதுவானா? எழுத்தறிவு மறுக்கப்பட்டவன்தான் எங்ஙனம் எழுதுவான்?

இன்று நம் பிள்ளைகளுக்கு எழுத்து வந்துவிட்டது. தோட்டத்திலும் பட்டணத்திலும் கைத்தொழில் அறிந்த முதியோர் இருப்பின், அவர்களை அணுகி, கருவியின் பெயர், பொருளின் அளவு, செய்முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைக்குமாறு இளைஞர்களை வேண்டுகிறோம். எழுதும்போது, செய்தவர் பெயரையும் மறவாது எழுதுக.