எச்ஐவி தொற்றாளரிடம் தவறவிடப்படும் காசநோய்

எச்ஐவி தொற்றுடன் வாழ்வோரின் உயிரைப் பறிக்கும் நோய்களில் காசநோய்க்கே முதலிடம். ஆனால் அவர்களில் பலருக்கு அந்நோய் இருந்தது உயிருடன் இருக்கையில் தெரியவருவதில்லை. வளம் குறைந்த நாடுகளில் நடந்த பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வின்படி, மருத்துவமனைகளில் இறந்த எச்ஐவி தொற்றுள்ள பெரியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்குக் காசநோய் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இறக்கும்வரை அது கண்டறியப்படவில்லை.

இதற்கு மருத்துவரின் கவனக்குறைவை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது. நெடுங்காலமாக நம்பப்பட்டுவந்த சோதனைகள் நுரையீரலில் குழி விழுந்து, இருமிச் சளி துப்பும் நோயாளிக்கே பொருந்துபவை. கிருமியுடன் நோயெதிர்ப்பு ஆற்றல் கடுமையாக மோதுவதால்தான் அந்தக் குழிகள் விழுகின்றன. எச்ஐவி அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்கள் குறைந்தவரிடம் அந்த மோதல் நடப்பதில்லை. அதனால் சளியில் கிருமி அருகியே இருக்கும். நுண்ணோக்கியில் தென்பட ஒரு மில்லிலிட்டருக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது வேண்டும். எக்ஸ்ரேயிலும் சிலருக்கு ஒன்றும் தெரியாது. நோயோ நிணநீர்க்கணு, கல்லீரல், மண்ணீரல், மூளையுறை எனப் பரவியிருக்கும். படுத்த படுக்கையாகிவிட்டவரால் சோதனைக்கு வேண்டிய சளியைக் காறித் துப்பவும் முடிவதில்லை.

இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் எச்ஐவி தொற்றாளர் மருத்துவரிடம் வரும் ஒவ்வொரு முறையும் விசாரிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. ஆனால் எச்ஐவிக்கான ஏஆர்டி கூட்டுமருந்து எடுத்துவருவோரிடம் இக்கேள்விகள் பலரைத் தவறவிடுகின்றன. 2010இல் அந்நிறுவனத்தின் ஏற்பு பெற்ற ஜீன்எக்ஸ்பெர்ட் என்னும் மரபணுச் சோதனை நுண்ணோக்கியைவிடக் கூர்மையானது. இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும். ஆனால் பெரும்பாலும் அதற்கும் சளிதான் தேவைப்படுகிறது.

சிறுநீர் வழியே நோயைத் தேடும் 'லாம்' பட்டைச் சோதனை இங்கேதான் மாறுபடுகிறது. கிருமியின் உறையிலிருந்து பிரியும் சர்க்கரைக் கொழுப்பு சிறுநீரில் கலந்திருந்தால் பட்டையில் கோடு விழும். அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். எதிர்ப்பு ஆற்றல் குறையக் குறைய மற்ற சோதனைகள் மங்க, இது தெளிவாகிறது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, சாம்பியா, சிம்பாப்வே மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இச்சோதனையையும் சேர்த்துச் செய்தபோது எட்டு வார இறப்பு 25 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைந்தது. எனினும் கோடு விழாததை வைத்துக் காசநோய் இல்லையென்று முடிவுகட்ட முடியாது. ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் பட்டை சொல்லாது. அதை அறிய ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற மரபணுச் சோதனையும் உடன் செய்யப்படுகிறது.